ஏடிபி-யைக் கண்டவர், சென்னையில் படித்தவர்: யார் இந்த சுப்பாராவ்?

நம்ம குடலின் உட்சுவரில் செல்கள் செங்கல் மாதிரி நெருக்கி நிற்கின்றன. இடைவெளியை அடைப்பது ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்கள். இவற்றில் எந்த இடத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்து இணைப்பு இறுகும் அல்லது தளரும். அந்த பாஸ்பேட்டைக் கொடுப்பது ஏடிபி. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தியதில் அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குக் கோபம். எம்பிபிஎஸ் போய் எல்எம்எஸ்தான் மிஞ்சியது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரரையும் பறிகொடுத்திருந்தார்.

மாமனார் உதவியோடு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார் (பயோகெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு இந்தப் பெயர் அத்துப்படி). அந்த முறைதான் தசையில் பாஸ்போகிரியாட்டினையும், 1929-ல் ஏடிபி-யையும் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபி-யைக் கண்டார்.

இவ்வளவுக்கும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரது குழு ஆய்வகத்தில் உருவாக்கிய ஃபோலிக் அமிலம், ஸ்ப்ரூவுக்கே மருந்தானது.

1948-ல் நியூயார்க்கில் இறந்தபோது வயது 53. ஆக்லூடின் கண்டறியப்பட்டது அதற்கு 45 வருஷம் கழித்து, 1993-ல்.