ஓவியர் நந்தலால் போஸ்

1938ஆம் ஆண்டிலே, சோவியத் அரசின் ஓவியருள் முதன்மை பெற்ற அலெக்சாந்தர் கெராசிமோவ், ஸ்டாலினும் வொரோஷிலோவும் கிரெம்ளினில் உலாவுங் காட்சியைப் பெரியதொரு படமாகத் தீட்டினார். அதற்கு 1941இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதே 1938இன் தொடக்கத்தில், குஜராத்திலே ஹரிபுரா என்னுஞ் சிற்றூரிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கென வேறோர் ஓவியர் படம் வரைந்தார். அவர் வரைந்தவை எவருடைய உருவங்கள்? செருப்புத் தைப்போன், தையற்காரன், மல்லன், மேளமடிப்போன், குழந்தையேந்திய தாய். அவ்வோவியரே நந்தலால் போஸ்.

வங்காளக் குடும்பமொன்றில், 1882 டிசெம்பர் 3ஆந் திகதி பீகாரிலுள்ள கரக்பூரிற் பிறந்த அவர் கல்விக்கெனக் கல்கத்தா சென்றார். கல்லூரிப் பரீட்சைகள் அவருக்குக் கைகூடவில்லை. ஒருமுறையன்றிப் பலமுறை தவறினார். பழைய மாணவர் மலரிலே இதனைக் கூறல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பின்வாங்கிலிருந்து படித்தோர் மகிழ்வர் என நாம் துணிந்து கூறுகின்றோம். பின்னர் அரசினர் கலைப் பள்ளியிற் சேர்ந்து அவனீந்திரநாத தாகூரின் மாணவரானார். 1909இல் ஹெரிங்ஹாம் சீமாட்டியாரின் குழுவினருடன் அஜந்தாவிற் சுவரோவியங்களைப் படியெடுத்தார்.

நம் நாட்டோடு அவருக்கிருந்த தொடர்பும் சிறிதன்று. கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களும் நிவேதிதை அம்மையாரும் எழுதி 1913இல் வெளிவந்த இந்து பௌத்த புராணக் கதை நூலுக்குப் படம் வரைந்தோருள் நந்தலாலும் ஒருவர். 1934இல் மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது அவரும் உடன் வந்தார். இரண்டாண்டு கழித்து, பிற்காலத்தில் இலங்கையின் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் ஓவியமும் இசையும் பயிலச் சென்றது சாந்திநிகேதனுக்கே. அங்குள்ள கலாபவனத்தை 1922 முதல் 1951 வரை தலைமை தாங்கி நடத்தியவர் நந்தலால்.

அவரும் ஓர் இயக்கத்தின் ஓவியரே. அதனை மறைத்தல் பொருந்தாது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, கோலூன்றி நடக்குங் காந்தியடிகளை லினோலியத்திலே செதுக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டார். 1936இற் பைஸ்பூர் மகாசபையை மூங்கில் முதலிய கிராமப் பொருள்களைக் கொண்டே அலங்கரித்தார். ஹரிபுராவுக்கு அவர் தம் கையால் வரைந்த படங்கள் 80க்கு மேற்பட்டவை. மாணவர் அவற்றைப் பார்த்து மேலும் பல வரைந்தனர். கைக்காகிதத்தில், மண்ணிலிருந்து பெற்ற வண்ணங்களால், விரைந்தோடிய தூரிகை வரைகள் அவை. வாயில்களிலும் பந்தல்களிலும் அவை தொங்கின. தலைவரைக் காண வந்த குடியானவன் ஆங்குத் தன்னையே கண்டான். தலைவர் படங்களையே மண்டபச் சுவர்களிற் கண்டு பழகிய நமக்கு இது வியப்பே.

கெராசிமோவை நாம் இகழ்கின்றோமல்லோம். மழையில் நனைந்த திண்ணையொன்றை 1935இல் அவர் தீட்டிய படம் உண்மையான கலைஞனின் படைப்பு. ஆனால் 1947இற் சோவியத் கலைக்கழகத் தலைவரான அவர், ஸ்டாலினின் புகழ் சரிந்தபின் 1957இல் அப்பதவியை இழந்தார். நந்தலாலுக்குக் காங்கிரஸ் பதவி தரவில்லை. ஊதியம் தந்தது ஆசிரியத் தொழில். ஆதலின் எதனை வரைவதென்று தாமே தேர்ந்தார்.

நாடு விடுதலையெய்தியபின் அரசே அவரை நாடியது. இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அணி செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுத்துக்களை வரைந்தவர் பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா. நந்தலாலும் மாணவரும் 22 பகுதிகளுக்கும் படம் அமைத்தனர். மொகெஞ்சதாரோ எருது, புத்தர், அசோகர், சோழர்கால நடராசர், அக்பர், திப்பு சுல்தான், காந்தியடிகள், நேதாஜி ஆகியோர் அவற்றிலே காட்சியளிக்கின்றனர். அந்நாளில் ஆட்சியிலிருந்த அமைச்சர் எவரது முகமும் இல்லை. 1950 சனவரி 24ஆந் திகதி அப்பிரதியிற் கையொப்பமிட்ட அமைச்சர்கள் இதனை நோக்கினரோ, அறியோம்.

1954இற் பத்மவிபூஷண் விருது பெற்ற நந்தலால், 1966 ஏப்ரல் 16ஆந் திகதி காலமானார். அவர் அணிசெய்த பிரதி டில்லிப் பாராளுமன்ற நூலகத்திலே காற்றுப் புகாப் பேழையில் வைத்துக் காக்கப்படுகின்றது. அதன் இறுதிப் படங்களில் மனிதரே பெரிதல்லர். இமயமும் பாலைவனமும் கடலுமே உள்ளன.