உறைந்தவர் அருகே அமர்ந்த மருத்துவர்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில், 1960-களில், ஆண்டுக்கணக்கில் திண்ணையில் அசையாமல் அமர்ந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் உண்டு. கை தூக்கிவிட்டால் தூக்கிய நிலையிலேயே நிற்கும். அழைத்தால் மறுமொழி இராது. பேய் என்றனர் சிலர். பிடிவாதம் என்றனர் மற்றவர்கள். அவரது நோய் இன்னதென்று எவரும் ஆராயவில்லை. கான்ஸ்டன்டின் வான் எகானமோவின் வாழ்க்கையைப் படித்தபோது அப்பெண்மணியே நினைவுக்கு வந்தார். (பெயரைக் கண்டு பொருளியல் அறிஞர் என்றெண்ணியே படிக்கத் தொடங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

ருமேனியாவின் பிராயிலா நகரில் 1876-இல் செல்வமிக்க கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, டிரியஸ்ட் துறைமுக நகரில் வளர்ந்தவர் எகானமோ. தந்தையின் விருப்பத்துக்காகப் பொறியியல் பயின்றார். பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். வானில் பறப்பதிலும் தீராத வேட்கை கொண்டிருந்தார். ஆஸ்திரியாவின் முன்னோடி விமானிகளுள் ஒருவரான அவர், முதல் உலகப் போரிலும் விமானம் ஓட்டினார். சகோதரர் இறந்த பிறகு, பெற்றோரின் வேண்டுகோளை ஏற்று வியன்னா மருத்துவமனைக்குத் திரும்பினார்.

அங்கே விந்தையான நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். சிலர் உண்ணும்போதே உறங்கினர். சிலருக்குக் கண்ணிமைகள் சரிந்தன. சிலர் உடல் விறைத்துக் கிடந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. எகானமோ அவர்களை உலுக்கி எழுப்பிப் பார்த்தார். எழுந்தவர்கள் தெளிவாக விடையளித்துவிட்டு மீண்டும் உறக்கத்தில் ஆழ்ந்தனர். அறிவு மங்கவில்லை, அதை வெளிப்படுத்தும் வழிதான் அடைபட்டிருந்தது. இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நடுமூளைப் பகுதியில் ஒரே வகையான அழற்சியைக் கண்டார். இவை பல நோய்கள் அல்ல, ஒன்றே என்று 1917-இல் அறிவித்தார். உறக்க மூளை அழற்சி எனப்படும் அக்கொள்ளைநோய் உலகெங்கும் லட்சக்கணக்கானோரைத் தாக்கி, 1920-களின் இறுதியில் ஓய்ந்தது. அதன் காரணம் இன்றளவும் உறுதிப்படவில்லை.

பிழைத்தவர்களுள் பலர் சில ஆண்டுகளில் சிலைபோல் உறைந்தனர். அவர்களுக்கு மருந்து காணும் முன்பே, 1931-இல், 55-ஆம் வயதில் எகானமோ மறைந்தார்.

மருந்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. நம் மேற்கு மலையடிவாரங்களில் படரும் பூனைக்காலியின் காயைத் தொட்டால் அரிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அதன் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான தாமோதரனும் ராமசாமியும் 1937-இல் பிரித்தெடுத்தனர். அதன் பயன் அன்று தெரியவில்லை. விறைப்பு நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை, எகானமோ வாழ்ந்த அதே வியன்னாவில், 1960-இல் ஹார்னிகீவிச் கண்டறிந்தார். அக்குறையை ஈடுசெய்ய லெவோடோபா பயன்பட்டது. 1969-இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் அதனைக் கொடுத்தபோது, பல பத்தாண்டுகள் உறைந்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர், பேசினர். பலருக்கு அந்த மீட்சி நிலைக்கவில்லை. ஆயினும், உறைந்திருந்த காலத்தில் சுற்றிலும் நடந்தவற்றைத் தாம் அறிந்தே இருந்ததாகச் சிலரால் கூற முடிந்தது.

எங்கள் ஊர்ப் பெண்மணிக்கு எந்த மருந்தும் வரவில்லை. என் பாட்டி மட்டும் நாள்தோறும் மாலையில் அவர் அருகே அமர்ந்து, தலைவாரிவிட்டபடி, சந்தை விலை முதல் ஊரார் வீட்டுத் திருமணம் வரை சொல்லிக்கொண்டிருப்பார்.