கிடங்கைத் திறந்த வள்ளல் சீதக்காதி

பாசிர் கூடாங் என்ற பெயரில் வரும் கூடாங், மலாயில் கிடங்கைக் குறிக்கும். கிடங்கில் உள்ள உணவுப்பொருளை விலை ஏறும்வரை பூட்டி வைக்கலாமா? கூடாது என்கிறது இஸ்லாம். அதை வாழ்ந்து காட்டியவர் வள்ளல் சீதக்காதி.

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் கப்பல் வணிகம் செய்த மரைக்காயர் அவர். இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். நெல்லும் பொன்னும் ஒரே விலைக்கு விற்ற பஞ்சத்திலும் அவர் பசித்தவர்களுக்கு அன்னமிட்டதைப் பாடி வைத்தவர், சைவரான படிக்காசுப் புலவர். பெற்றவர்களிடம் மதம் பார்க்காத கை அது.

நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட உமறுப் புலவரை ஆதரித்தவரும் சீதக்காதிதான். நூல் முடிவதற்குள் அவர் காலமானார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். 5,000க்கும் மேற்பட்ட பாடல்களுடன் சீறாப்புராணம் உருவானது.

இறந்த பிறகும் அவரது கை ஒரு புலவருக்கு மோதிரம் ஈந்தது என்பது மக்கள் சொல்லும் கதை. ஒருவர் மறைந்த பின்னும் பலன் தரும் தர்மத்தை இஸ்லாம் சதக்கத்துல் ஜாரியா என்கிறது. கதையை நம்பாதவருக்கும் சீறாப்புராணம் சாட்சி. 300 ஆண்டுகள் கடந்தும் அது படிக்கப்படுகிறது; செத்தும் கொடுத்தவர் என்றே தமிழர்கள் சீதக்காதியை நினைக்கிறார்கள்.