ஓட்டக்காரர்களைக் கண்டுபிடிச்சவர்

நம்ம நாட்டு மராத்தான் வீரர்களை முதன்முதலில் ஒலிம்பிக்குக்கு அனுப்பி வச்சவர் யார் தெரியுமா? சர் தோராப்ஜி டாடா!

இவர் 1859-இல் பம்பாயில் பிறந்தார். அப்பா பெரிய தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடா. இங்கிலாந்தில் படிக்கும்போதே இவருக்கு விளையாட்டுன்னா உயிர்.

1919-இல் புனேயில் டெக்கான் ஜிம்கானா விளையாட்டுப் போட்டி நடந்தது. கிராமத்து விவசாயிகள் வெறுங்காலோடு ஓடினாங்க. பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது. ஆனாலும் அவங்க ஓடின நேரம், ஐரோப்பிய வீரர்களின் நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோராப்ஜி அசந்துட்டார்.

1920-இல் தகுதிப் போட்டி வச்சு ஆட்களைத் தேர்ந்தெடுத்தாங்க. செலவுக்குத் தன் பணத்தையும் கொடுத்தார். மொத்தம் 6 பேர் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனாங்க. அதில் பதேப்பா சௌகுலே மராத்தானில் 2 மணி 50 நிமிடம் ஓடி 19-ஆவதாக வந்தார்!

தோராப்ஜி 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் தலைவரானார். 1932-இல் ஜெர்மனியில் காலமானார்.

அவர் பார்த்தது ஊரையோ, காலில் செருப்பு இருக்கான்னோ இல்லை, ஓடின நேரத்தைத்தான். நம்ம பழனி மலையிலும் தினமும் ஏறி இறங்குற கால்கள் எத்தனையோ இருக்கு. பி.டி. சார், எங்களையும் ஒருநாள் ஓடவிட்டு நேரம் குறிச்சுப் பாருங்களேன்!

— 9-ஆம் வகுப்பு மாணவி