நந்தலால் போஸ் என்னும் சித்திர ஆசிரியர்

கரும்பலகையிற் குடமொன்றை வரைந்து, அதனைப் பார்த்து எழுதும்படி பிள்ளைகளுக்குச் சொல்வதே சித்திர பாடமென்று நம்மிற் பலர் பழகிவிட்டோம். வன்னிப் பாடசாலைகளின் வாசலிலோ குளமும் வயலும் காடும் விரிந்து கிடக்கின்றன. இம்முரணை எண்ணுந்தோறும் வங்கத்து ஓவியர் நந்தலால் போஸ் நினைவுக்கு வருகிறார்.

1882 இல் பீகாரிலுள்ள கரக்பூரிற் பிறந்த அவருக்கு ஊர்க் குயவரும் பொம்மை செய்வோருமே முதலாசிரியர்கள். கல்லூரிப் பரீட்சைகளில் தேறாது, கல்கத்தா ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத தாகூரை அடைந்தார். பின்னர் 1951 வரை நெடுங்காலம் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை நடத்தினார். மாணவரை வெளியே அழைத்துச் சென்று, மரத்தையும் மாட்டையும் சந்தாள் மக்களின் நடையையும் ஊன்றி நோக்கச் செய்வார். தாமும் அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவருக்கு அனுப்புவார்.

அங்கு 1919 இற் சேர்ந்த பினோத் பிகாரி முகர்ஜிக்கு ஒரு கண்ணிற் பார்வையில்லை, மற்றதும் மங்கல். இவன் எங்ஙனம் ஓவியனாவான் என்று நந்தலாலே ஐயுற்றுக் கவி தாகூரிடம் முறையிட்டார். பையன் ஊக்கத்தோடு உழைப்பானாயின் அவன் போக்கில் விட்டுவிடுமாறு கவி கூறினார். ஆசிரியர் அவ்வாறே விட்டார். (பேராசானுக்கும் இத்தகைய தடுமாற்றம் நேர்ந்ததென்பது நமக்கு ஓர் ஆறுதலே.) 1947 இல் இந்தி பவனத்துச் சுவர்களில் இடைக்கால அடியார்களை நிறைத்து வரைந்தவர் அந்த மாணவரே. அடுத்த பத்தாண்டில் எஞ்சிய பார்வையும் அவிந்தது. காகிதம் வெட்டி ஒட்டினார். மெழுகில் உருவம் பிடித்தார்.

நந்தலால் 1966 இற் காலமானார். 1972 இல் அக்கலாபவனச் சுவரொன்றில், கண்ணிழந்த மாணவர் விரல்களால் தடவியே ஓட்டுச் சித்திரம் அமைத்தார்.