தீயில் போனதும் போகாததும்

1852-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி காலை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு பாய்மரக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் ஹெலன். தென் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல்.

காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. கப்பல் தலைவர் ஒரு பிரயாணியிடம் வந்தார். கப்பலில் தீப்பிடித்துவிட்டது போலிருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்தார்.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். சரக்கு அறையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

கப்பலில் ரப்பரும் கோக்கோவும் இருந்தன. ஒருவகை மரத்தைலமும் சிறு பீப்பாய்களில் இருந்தது. பீப்பாய்களைச் சுற்றி உமியை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேதான் சூடேறி நெருப்புப் பிடித்துவிட்டது. உமிக்குள் பிடித்த நெருப்பு எப்படிப்பட்டது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

மாலுமிகள் தண்ணீரை வாரி வாரி ஊற்றினார்கள். பயன் இல்லை. படகுகளை இறக்கும்படி தலைவர் உத்தரவிட்டார்.

அந்தப் பிரயாணிக்கு வயது 29. பல மாதக் காய்ச்சலால் மெலிந்துபோயிருந்தார். பெயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பிற்காலத்தில் டார்வினோடு சேர்த்து உலகம் சொல்லப்போகிற பெயர். அன்றைக்கு அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

புகை நிறைந்த தம் அறைக்குள் வாலஸ் இறங்கினார். ஒரு சிறிய தகரப் பெட்டி கிடைத்தது. அதில் சில சட்டைகள் இருந்தன. பக்கத்தில் கைக்கு எட்டிய படங்கள் சிலவற்றை அதில் போட்டுக்கொண்டார். மீன்களையும் பனை வகைகளையும் பார்த்து அவர் வரைந்த படங்கள் அவை. கடிகாரத்தையும் பணப்பையையும் எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு பெரிய படக்கட்டு உள்ளே இருந்தது. அதற்காக மறுபடி இறங்க அவர் துணியவில்லை.

கயிற்றைப் பிடித்துப் படகில் இறங்கினார். பலவீனத்தால் பிடி வழுக்கியது. இரண்டு கைகளிலும் தோல் உரிந்துவிட்டது. படகோ ஒழுகும் படகு. அந்தக் கைகளாலேயே உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டியிருந்தது.

கப்பலில் இருந்த சொத்து

எரிந்த கப்பலில் அவருடைய நாலு வருஷ வாழ்க்கை இருந்தது என்றே சொல்லலாம்.

வாலஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. 1823-ல் பிறந்தார். தகப்பனார் கையிலிருந்த பணத்தையெல்லாம் இழந்தவர். பையனின் படிப்பு பதினாலு வயதோடு நின்றுபோயிற்று. அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலை செய்தார். அந்த வேலையில் காடு மேடெல்லாம் அலைந்தபோதுதான் செடிகளின் மேல் ஆசை பிறந்தது. பிறகு பேட்ஸ் என்ற வாலிபரின் சிநேகம் கிடைத்தது. பேட்ஸ் வண்டு பிடிப்பதில் பைத்தியம். இருவருமாக 1848-ல் அமேஸான் நதிக்குப் புறப்பட்டார்கள்.

செலவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்காலத்தில் சீமையில் அபூர்வ வண்டுகளுக்கும் பறவைத் தோல்களுக்கும் நல்ல விலை உண்டு. பிடித்ததில் ஒரு பகுதியை லண்டனில் உள்ள ஸ்டீவன்ஸ் என்ற ஏஜெண்டுக்கு அனுப்புவது. அவர் விற்றுப் பணம் அனுப்புவது. மிகச் சிறந்ததைத் தமக்கென்று வைத்துக்கொள்வது.

பிறகு இருவரும் பிரிந்து தனித்தனி வழியே சென்றார்கள். வாலஸ் ரியோ நீக்ரோ என்ற கறுப்பு நிற ஆற்றின் வழியாக வெகு தூரம் உள்ளே போனார். அவருக்கு உதவி செய்ய தம்பி ஹெர்பர்ட் இங்கிலாந்திலிருந்து வந்தான். தம்பிக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை. ஊர் திரும்ப எண்ணித் துறைமுகத்துக்குப் போனான். அங்கே மஞ்சள் காய்ச்சல் கண்டு 1851-ல் இறந்துபோனான். அவனுக்கு வயது 22. அண்ணன் அப்போது காட்டுக்குள் வெகு தொலைவில் இருந்தார்.

இவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்த பொருள்கள் அவை. முன்பே அனுப்பிவைத்த பெட்டிகளும் வழியில் சுங்க அதிகாரிகளிடம் சிக்கிக் கிடந்தன. அவற்றையும் மீட்டு இந்தக் கப்பலிலேயே ஏற்றியிருந்தார். பாதிப் பெட்டிகள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தால்? அதைச் சொல்லி என்ன பயன்!

ஆயிரக்கணக்கான பூச்சிகள், பறவைத் தோல்கள், மூன்று வருஷ டயரி எல்லாம் அதில் இருந்தன. ஒருவகைப் பனையின் ஒற்றை ஓலையும் இருந்தது. அதன் நீளம் 50 அடி! லண்டன் காட்சிசாலையில் வைக்கலாம் என்று அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த ஓலை.

உயிரோடு கொண்டுவந்த கிளிகளும் குரங்குகளும் தீக்கு அஞ்சிக் கப்பலின் முன்பக்கம் ஒண்டின. படகில் இருந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவை வரவில்லை. கயிற்றில் உட்கார்ந்திருந்த ஒரு கிளி மட்டும், கயிறு எரிந்து அறுந்ததும் தண்ணீரில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். அது ஒன்றுதான் பிழைத்தது.

படகில் பத்து நாள்

பச்சைப் பன்றிக்கறியும் பிஸ்கோத்தும் அளந்து வைத்த தண்ணீரும்தான் சாப்பாடு. உச்சி வெயில் முதுகைக் கொப்புளமாக்கியது.

இந்த நிலையில் அந்த மனிதர் செய்தது வேடிக்கையானது. இரவில் படகில் மல்லாந்து படுத்து எரிநட்சத்திரங்களை எண்ணினார்! அவற்றைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பிறகு எழுதி வைத்திருக்கிறார். கடல் மீன்களின் நிறம் மாறுவதையும் கவனித்தார். அவர் சேர்த்ததெல்லாம் கடலுக்கு அடியில் கிடக்க, கண் மட்டும் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு 15-ந் தேதி ஜோர்டசன் என்ற கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. அது ஒரு கிழட்டுக் கப்பல். புயலில் அதுவும் மூழ்கப் பார்த்தது. உணவும் குறைந்துபோயிற்று. அக்டோபர் 1-ந் தேதி ஒருவழியாக இங்கிலாந்துக் கரையில் இறங்கினார் வாலஸ். உடம்பில் மெல்லிய பருத்தி உடை. கையில் தகரப் பெட்டி.

உயிர் தப்பிய பிறகுதான் துக்கம் வந்தது. காய்ச்சலோடு காட்டுக்குள் தள்ளாடிப் போய், யாரும் காணாத ஒரு பூச்சியைக் கண்டு மகிழ்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்த நாளுக்குச் சாட்சியாக இனி ஒரு சிறகுகூட இல்லை. நம் வீட்டில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி உடைந்தால் தாத்தாவே மறுபடி போய்விட்டது போல மனம் பதறவில்லையா? அதுபோலத்தான்.

ஸ்டீவன்ஸ் நல்ல மனிதர். வாலஸுக்குத் தெரியாமலே அந்தச் சாமான்களை இன்ஷ்யூர் செய்து வைத்திருந்தார். புதுத் துணி வாங்கிக் கொடுத்தார். அவருடைய தாயார் சோறு போட்டுத் தேற்றினார்.

எந்தக் கரைக் குரங்கு?

டிசம்பர் மாதம் லண்டன் விலங்கியல் சங்கத்தில் வாலஸ் ஒரு கட்டுரை படித்தார். அமேஸான் குரங்குகளைப் பற்றியது. காட்டுவதற்குக் கையில் குரங்குத் தோல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் நன்றாக நினைவில் இருந்தது. ஆற்றின் இந்தக் கரையில் உள்ள குரங்கு அந்தக் கரையில் இல்லை! அகன்ற ஆறு வேலிபோல நின்று இனங்களைப் பிரிக்கிறது. அங்குள்ள வேடர்களுக்கு இது தெரியும். எந்தப் பிராணி வேண்டுமோ அதற்கேற்ற கரைக்குப் படகில் போவார்கள். அவர்களோடு இருந்து வாலஸ் கற்றுக்கொண்டது இது.

அப்போது காட்சிசாலைகளில் இருந்த தோல்களுக்குக் குறைவில்லை. சீட்டில் பிரேசில் என்றோ தென் அமெரிக்கா என்றோ மட்டும் எழுதியிருக்கும். எந்தக் கரை என்று யாரும் எழுதவில்லை. பொருள் அவர்களிடம் இருந்தது. அது எங்கே வாழ்ந்தது என்ற செய்தி வாலஸிடம் இருந்தது.

அதற்காக, தீயால் நஷ்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1853-ல் வாலஸ் இரண்டு புத்தகங்களை வெளியிட்டார். ஒன்று பனைகளைப் பற்றியது. தகரப் பெட்டியிலிருந்த படங்கள் இல்லாவிட்டால் அது பிறந்திருக்காது. மற்றொன்று பிரயாணக் கதை. மிஞ்சிய சில குறிப்புகளையும் ஞாபகத்தையும் வைத்து எழுதியது. அதில் போதிய விவரம் இல்லையே என்று டார்வின் குறைப்பட்டார். குறை நியாயமானதே. தேதியும் எண்ணிக்கையும் ஞாபகத்தில் நிற்பதில்லை. அவை டயரியோடு போய்விட்டன.

இனிக் கடல் பக்கமே போவதில்லை என்று நடுக்கடலில் பலமுறை சபதம் செய்தவர் வாலஸ். சபதம் நிலைக்கவில்லை. 1854-ல் மறுபடி கப்பல் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கினார். எட்டு வருஷம் மலாய்த் தீவுகளில் சுற்றினார். சேர்த்த உயிரினங்களின் கணக்கு 1,25,660.

1856-ல் பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவுக்குப் போனார். நடுவில் இருப்பது குறுகிய ஜலசந்திதான். பாலியில் மரங்கொத்தி இருந்தது. லொம்பொக்கில் அது இல்லை. வெள்ளைக் கொண்டைக்கிளி இருந்தது. வேறொருவராக இருந்தால் இரண்டையும் சுட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருப்பார். வாலஸுக்கோ அமேஸானின் இரண்டு கரைகள் அனுபவமாக இருந்தன. ஆசிய உயிர்களும் ஆஸ்திரேலிய உயிர்களும் பிரியும் எல்லை அது என்று கண்டார். இன்றும் அதற்கு வாலஸ் கோடு என்றே பெயர்.

1858-ல் அதே தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது, உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு விடை தோன்றியது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் திகைத்துப்போனார். இருபது வருஷமாக அவர் மனத்தில் வைத்திருந்த அதே விடை! அவ்வாண்டு ஜூலை 1-ந் தேதி இருவர் எழுத்துக்களும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன.

பணம் வாலஸிடம் தங்கவே இல்லை. மலாய்த் தீவுகளில் சம்பாதித்ததைப் பங்குகளில் போட்டு இழந்தார். 1881-ல் டார்வின் முதலானவர்கள் முயன்று அரசாங்க உபகாரச் சம்பளம் வாங்கிக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 200 பவுன்! 1913 நவம்பர் 7-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

தகரப் பெட்டியில் வந்த மீன் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏறக்குறைய 200 மீன்கள், பென்சிலால் வரைந்தவை. 2002-ல் பிரேசில் நாட்டில் அவற்றை ஒரு புத்தகமாக அச்சிட்டார்கள். ரியோ நீக்ரோவின் மீன்கள் ரியோ நீக்ரோ ஓடும் நாட்டுக்கே போய்ச் சேர 150 வருஷம் ஆயிற்று.