வெண்கலத்தில் விலங்கு கண்ட சிற்பியார்

கைத்தொழில் வேறு, கலை வேறு எனப் பிரித்து, முன்னதைத் தாழ்வாகக் கருதும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்துவந்துளது. அதனால் இடருற்றும் தம் தொழிலை விடாது நின்று வென்றவருள் ஒருவர், பிரான்சு நாட்டுச் சிற்பியாராகிய அந்துவான் லூயி பாரி என்பார்.

இவர் 1795ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒரு பொற்கொல்லருக்கு மகனாராகப் பிறந்தார். இளமையில் உலோகத்திற் சித்திரம் வெட்டும் தொழில் பயின்று, பின்னர் அரசாங்கக் கலைக்கல்லூரியிற் புகுந்தார். ஆண்டு நிகழ்ந்த போட்டிகளில் தலைப்பரிசு பெற்றாரல்லர். ஆதலின் ஒரு பொற்கொல்லர் பட்டறையை அடைந்து, சிறு விலங்குருக்கள் செய்து பல்லாண்டு பிழைத்தார். அந்நாளில் நகரத்து விலங்குக் காட்சிச்சாலையே அவர்க்குப் பள்ளியாயிற்று. டெலக்ருவா என்னும் ஓவியரோடு அங்குச் சென்று, உயிருள்ள விலங்குகளின் நடையை வரைந்தார். இறந்தவற்றின் என்பையும் தசையையும் அளந்து குறித்தார்.

இப்பயிற்சியின் பயனே, பாம்பை அடர்க்கும் சிங்கம் என்னும் சிற்பம். 1833ஆம் ஆண்டுக் கண்காட்சியிற் சுதையுருவாக வைக்கப்பெற்ற அதனை, ஒனோரே கொனோன் என்னும் வார்ப்பாசிரியர் வெண்கலமாக்கினார். அவர் கையாண்டது நம் நாட்டுத் தபதியரும் அறிந்த மெழுகு வார்ப்பு முறையேயாம். மெழுகுருவின்மேல் மண் பூசிச் சுட, மெழுகு உருகி வெளிப்படும்; அவ்வெற்றிடத்தில் வார்த்த உலோகம் நுண்ணிய கீற்றையும் விடாது பற்றும். சிங்கம் தன் முன்கால் நகங்களாற் பாம்பை நிலத்தோடு அழுத்தி உறுமுகின்றது. பாம்போ வாய் பிளந்து சீறுகின்றது. அரசர் அதனை வாங்கித் துய்லரி அரண்மனைத் தோட்டத்தில் நிறுவினார். இப்போது அது லூவர் காட்சிச்சாலையில் உளது.

பின்னர் அரசிளங்குமரர் ஒருவரின் விருந்து மேசைக்கென, ஐந்து வேட்டைக் காட்சிகள் உள்ளிட்ட ஒன்பது சிற்பத் தொகுதிகள் இயற்றினார். 1837இல் கண்காட்சி நடுவர்கள், அவை பொற்கொல்லர் வேலையேயன்றிச் சிற்பமல்ல என்று தள்ளினர். அதுமுதல் 1850 வரை பாரியார் அக்கண்காட்சிக்கு ஒரு படைப்பையும் அனுப்பிலர். தாமே பட்டறை அமைத்துச் சிறு வெண்கலங்களை வார்த்து விற்றார். குறையுடைய வார்ப்பை வெளியே விட மனம் பொருந்தாராதலின் செலவு மிகுந்தது. கடன் பெருகி 1848இல் முறிவுற்றார். தம் மூலவுருக்களையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்புவித்து, 1857இலேயே அவற்றை மீளப் பெற்றார்.

இதனிடையே, 1854இல் தாம் பயின்ற அக்காட்சிச்சாலையிலேயே விலங்குருவம் வரைதலைக் கற்பிக்கும் ஆசிரியரானார். பெருஞ்சிற்பியாகிய ரொதேன் அவர்பால் பாடங் கேட்டவரே. முன்னர்ப் புறக்கணித்த நடுவர்கள் எந்தக் கலைக்கழகத்தைச் சார்ந்தவரோ, அக்கழகமே 1868இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1875இல் அவர் மறைந்தார்.

நடுவர்கள் இகழ்ந்த பொற்கொல்லர் நுணுக்கமே அச்சிங்கத்தின் பிடரியிலும் நகத்திலும் விளங்குவது. தம் மக்களைத் தொழில் பயிற்றும் பெற்றோர் இதனை உளங்கொள்வாராக.